மூன்று முறை நீலமான பால்

பகல் இரண்டு ஐந்துக்கு, பள்ளிக்கூட கேன்டீனின் சமையல் மேடை அருகே நின்றபடி, அண்ணி ஒரு தம்ளர் பாலை மடமடவென்று குடித்து முடித்தார். பிறகு புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அண்ணி! அது தடயம்!" என்று பதறினார் சின்னவர். "தடயத்தைக் குடிச்சிட்டா நாளைக்கு யாராவது கேட்டா எதைக் காட்டுவீங்க, வயித்தையா?"

"பசிச்சது தம்பி."

இதற்கு மேல் அண்ணியிடம் விளக்கம் கிடைக்காது என்பது சின்னவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அண்ணி. ஏறிய உடனே யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். ஓய்வு பெற்ற கையோடு வீட்டு மாடியில் துப்பறியும் நிலையம் என்று ஒரு பலகையைத் தொங்கவிட்டார். அண்ணியின் கணவருக்குக் கூடப்பிறந்த தம்பிதான் சின்னவர். வயது நாற்பத்திரண்டு. ஃப்ரிட்ஜ் கடையில் விற்பனையாளராக இருந்தவர், கடையை மூடியதும் கொஞ்ச நாளைக்கு உதவிக்கு என்று மாடி ஏறினார். அந்தக் கொஞ்ச நாளுக்கு இப்போது ஆறு வயது. நிலையத்தின் மூளை தான்தான் என்பது அவருடைய அந்தரங்கமான நம்பிக்கை. அதை வெளியே சொல்லும் துணிச்சல் மட்டும் இன்னும் வரவில்லை.

"சொல்லுங்கம்மா, நேத்து என்ன நடந்துச்சு?" என்று அண்ணி கேட்டார்.

அவர்களை வரவழைத்து எதிரே நின்ற பெண்மணியைப் பள்ளிக்கூடம் முழுக்க கேன்டீன் அக்கா என்றுதான் கூப்பிடும். பதினொரு வருடமாக இந்த அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில் துடைத்த மேடையையே துடைத்துக்கொண்டிருந்தது.

"நேத்து பெத்தவங்க எல்லாம் வந்திருந்தாங்க. சாப்பாட்டுல என்ன சத்துன்னு பசங்க சோதனை செஞ்சு காட்டினாங்க. ரொட்டி, முட்டை, வேர்க்கடலை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. கடைசியில சயின்ஸ் சார், மாவுச்சத்து இல்லாத பொருள் எப்படி இருக்கும்னு காட்டறேன்னு சொல்லி, நம்ம பாலை எடுத்தாரு. அயோடின் விட்டாரு. கருநீலமா ஆயிடுச்சு."

"கருநீலம்னா?"

"மாவு இருக்குன்னு அர்த்தமாம். தண்ணி ஊத்தி, அது தெரியாம இருக்க நான் மாவு கரைச்சேனாம்." குரல் உடைந்தது. "மேடம் லெட்டர் தயார் பண்ணிட்டாங்க. மூணு மணிக்குக் கையெழுத்துப் போட்டா, நாளையிலேருந்து நான் இங்க வரக்கூடாது. வேலை போனா வேற வேலை பாத்துக்குவேன். ஆனா பிள்ளைங்க குடிக்கிற பால்ல கலப்படம் பண்ணினவன்னு பேரு வந்தா அதை எங்க போய்க் கழுவறது? காலையில ஒரு குட்டிப் பொண்ணு, ரெண்டாங்கிளாஸ், தினமும் ரெண்டு தம்ளர் குடிப்பா. இன்னிக்கு நான் நீட்டினதும் கையைப் பின்னாடி கட்டிக்கிச்சு."

சின்னவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கிண்டலுக்கு நாக்கு எப்போதும் தயாராக இருக்கும்; அந்தக் கட்டிய கைகளைக் கேட்டதும் அது தானாக அடங்கிவிட்டது.

"ஒரு தடவைதான் சோதிச்சாரா?" என்றார் அண்ணி.

"மூணு தடவை. மூணும் நீலம். எங்க அக்கா வீட்டுக்காரர் இங்கதான் லேப் அட்டெண்டர். மாமா அதே பாலை எடுத்து அவரும் சோதிச்சாரு. ஒண்ணுமே ஆகலை. உன் மச்சினிச்சிக்காக நீ ஏதோ பண்றேன்னு சொல்லிட்டாங்க."

அண்ணியின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கும்போது உயருகிற அதே புருவம்.

"அந்தப் பாலை லேப்புக்கு எடுத்துட்டு வாங்க" என்று நடந்தார்.

ஆய்வகம் மாடியில் இருந்தது. நீளமான கருங்கல் மேசைகள், மூலையில் கைகழுவும் தொட்டி, மரத் தாங்கிகளில் தலைகீழாகக் கவிழ்ந்து நிற்கும் சோதனைக்குழாய்கள். சுவரில் குழந்தைகள் வரைந்த அட்டை ஒன்று. அயோடின் கருநீலமானால் மாவுச்சத்து, பெனடிக்ட் கரைசல் சூட்டில் செங்கல் நிறமானால் சர்க்கரை, காகிதத்தில் எண்ணெய்க் கறை நின்றால் கொழுப்பு என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூ போட்டிருந்தார்கள்.

"கொழுப்புக்குக் காகிதமா?" என்றார் சின்னவர். "நம்ம குடும்பத்துல சிலரைக் காகிதத்துல உக்கார வெச்சுப் பாக்கணும் அண்ணி."

"உன்னைத்தான் முதல்ல உக்கார வெக்கணும்."

லேப் அட்டெண்டர் ஒல்லியானவர். அவருடைய வெள்ளைக் கோட்டில் முன்புறமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். சின்னவர் அதைப் பார்த்துவிட்டு, "டீ குடிச்சா கோட்டுக்கும் கொஞ்சம் குடுப்பீங்களோ?" என்று கேட்டார்.

"டீ இல்லீங்க. அயோடின். பதினஞ்சு வருஷமா சொட்டிச் சொட்டி இப்படி ஆயிடுச்சு."

கேன்டீன் அக்கா கொண்டுவந்த பாலை அட்டெண்டர் ஒரு குழாயில் ஊற்றினார். சொட்டுக்குழாயால் இரண்டு சொட்டு அயோடின் விட்டுக் குலுக்கினார். பால் லேசாகப் பழுப்பேறியதோடு சரி, நீலத்தின் நிழல்கூட இல்லை.

சின்னவர் அண்ணியை ஓரமாக இழுத்தார். "கேஸ் முடிஞ்சுது அண்ணி. மச்சினிச்சி மேல பாசம். ஃப்ரிட்ஜ் விக்கறப்போ நான் செய்யாத தில்லாலங்கடியா? பாட்டில்ல அயோடினுக்குப் பதிலா டீ டிக்காஷன் இருக்கும். நீலமே வராது."

"அப்படியா?" அண்ணி மேசையிலிருந்து அதே பாட்டிலை எடுத்தார். தன் கைப்பையிலிருந்து மத்தியானம் மிச்சம் வைத்த ரொட்டித் துண்டை எடுத்து ஒரு சொட்டு விட்டார். கண் இமைப்பதற்குள் ரொட்டி கன்னங்கரேலென்று ஆனது. "டிக்காஷன் நல்லா வேலை செய்யுது தம்பி."

சின்னவர் சுவரில் இருந்த பூக்களைப் பார்க்கத் தொடங்கினார்.

"ஆனா நீ சொன்னதுல ஒரு விஷயம் இருக்கு. இவர் வேண்டியவங்களுக்காகப் பொய் சொல்ற ஆளான்னு பாக்கணும்." அண்ணியின் பார்வை சின்னவரின் தோளில் தொங்கிய தண்ணீர் பாட்டிலில் நின்றது. "அதுல என்ன?"

"வெறும் தண்ணி."

"குடு. இதுல சர்க்கரை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்று அட்டெண்டரிடம் நீட்டினார் அண்ணி.

சின்னவருக்கு வேர்த்துவிட்டது. போன மாதம் டாக்டர் அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இனிப்பு பக்கமே போகக்கூடாது என்று எச்சரித்திருந்தார். சின்னவரின் மனைவி அன்றே சர்க்கரை டப்பாவைப் பூட்டி, சாவியை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டார். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி நின்ற அரை நிமிடத்தில் சின்னவர் அட்டெண்டரைப் பார்த்துக் கண்ணடித்தார், கையெடுத்துக் கும்பிட்டார், கழுத்தை அறுத்துக்கொள்வதுபோல் சைகை காட்டினார், கடைசியில் "நான் உங்க கட்சிங்க" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

அட்டெண்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். பாட்டில் தண்ணீரில் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்து, கொதிக்கிற நீரில் குழாயை நிறுத்தினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சர்க்கரை இருக்குங்கம்மா" என்றார் அட்டெண்டர். "தாராளமாவே இருக்கு."

"குளுக்கோஸ் பவுடர்தான் அண்ணி... வெயில்... தலை சுத்தல்..."

"நான் ஜன்னல் கண்ணாடியில எல்லாத்தையும் பாத்துட்டேன். அந்தக் கும்பிடு நல்லா இருந்துச்சு." அண்ணி அட்டெண்டர் பக்கம் திரும்பினார். "உங்களுக்காக வந்திருக்கற ஆளே இவ்ளோ கெஞ்சியும் நீங்க பொய் சொல்லலை. உங்களை நான் நம்பறேன்."

அப்போது வராந்தாவில் சரக் சரக் என்று ஒரு ஓசை கேட்டது. பக்கத்து வகுப்பில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த கூச்சல் பட்டென்று நின்றது.

"சரசர சார் வராரு" என்று முணுமுணுத்தார் கேன்டீன் அக்கா. "பசங்க வெச்ச பேரு. அவரு நடந்தாலே கோட்டு சத்தம் போடும். அது கேட்டதும் எல்லாம் புத்தகத்தைத் திறந்துக்கும்."

உள்ளே நுழைந்த அறிவியல் ஆசிரியரின் வெள்ளைக் கோட்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். தலைமுடிக்கு நடுவில் வகிடு. கோட்டுப் பையில் ஒரே ஒரு சிவப்புப் பேனா. கோட்டின் வலது கீழ் ஓரத்தில் மட்டும் நாலைந்து கருநீலப் புள்ளிகள். அந்தக் கச்சிதத்தில் அது ஒன்றுதான் அழுக்கு.

"எனக்கு யார் மேலயும் பகை இல்லை" என்று நின்ற நிலையிலேயே ஆரம்பித்தார் ஆசிரியர். "இந்தம்மா குடுக்கற பாலைத்தான் நானும் தினம் குடிக்கறேன். நீலம் ஆகாதுன்னு நம்பித்தான் மேடையில எடுத்தேன். ஆயிடுச்சு. கண்ணால பாத்ததை இல்லைன்னு சொல்ல என்னால முடியாது."

அவர் குரலில் வீம்பு இருந்தது, பொய் இல்லை. அது சின்னவருக்கே தெரிந்தது. தெரிந்தாலும் அவர் விடுவதாக இல்லை. "அண்ணி, மத்தவர் இல்லைன்னா இவர்தான். விரல் நகத்துல மாவை ஒளிச்சு வெச்சு..." என்று காதோரம் கிசுகிசுத்தார்.

"நகத்தைப் பாரு. ஒட்ட வெட்டியிருக்காரு." அண்ணி ஆசிரியரிடம் கேட்டார்: "சார், நீங்க எந்தப் பேனாவில எழுதுவீங்க?"

"இதுலதான். சிவப்பு. முப்பது வருஷமா வேற நிறம் வெச்சுக்கறதில்லை."

"சோதனை எல்லாம் நீங்களே உங்க கையால செய்வீங்களா?"

ஆசிரியர் சற்றுத் தயங்கினார். "நான் போர்டுல சொல்லித் தருவேன். செஞ்சு காட்டறது அட்டெண்டர். நேத்து பெத்தவங்க முன்னாடிங்கறதால நானே செஞ்சேன். பல வருஷம் கழிச்சு."

"சரி. மேடத்தை வரச் சொல்லுங்க."

சின்னவர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நாற்பத்தைந்து. ரத்தக்கறை வேண்டாம், ஒரு மிரட்டல் கடிதமாவது இருக்கக்கூடாதா? பேனா நிறம் கேட்டுக்கொண்டிருக்கிறாரே அண்ணி! "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று வாயைவிட்டே கேட்டார்.

"ரெண்டு பேருமே பொய் சொல்லலைன்னு."

"அப்போ பால்தான் பொய் சொல்லுதா?"

"அதுவும் நல்ல பால்தான். குடிச்சுப் பாத்தேனே."

தலைமையாசிரியை இரண்டு ஐம்பதுக்கு வந்தார், கையில் அந்தக் கடிதத்தோடு. மூடி கழற்றிய பேனாவும் தயாராக இருந்தது. "பத்து நிமிஷம்தான் தர முடியும்" என்றார். "எனக்கும் இது சந்தோஷமான வேலை இல்லை. ஆனா எண்ணூறு பிள்ளைங்களோட வயிறு இது."

"ஒரு நிமிஷம் போதும்" என்றார் அண்ணி. "சார், நேத்து செஞ்ச மாதிரியே இன்னொரு தடவை செய்யணும். அதே அயோடின், அதே தாங்கி. ஆனா பால் வேண்டாம். குழாய்த் தண்ணி."

"தண்ணியில என்ன மாவு இருக்கப் போகுது?"

"எனக்குத் தெரியாது சார். நான் டிக்கெட் செக் பண்ணினவ."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். கோட்டுக் கையை ஒரு மடிப்பு மடித்தார். தாங்கியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, தொட்டியில் நன்றாகக் கழுவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே இரண்டு நீர்த்துளி ஒட்டிக்கொண்டிருந்தது அவருடைய கச்சிதத்துக்குப் பொறுக்கவில்லை. கை தன்பாட்டுக்குக் கீழே போய்க் கோட்டின் வலது ஓரத்தைப் பிடித்தது. சரசரவென்று அதைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து நாலு திருகு திருகி வெளியே எடுத்தது. பிறகு தண்ணீர் பிடித்தார். இரண்டு சொட்டு அயோடின்.

தண்ணீர் நீலமானது.

தலைமையாசிரியை பேனாவை மூட மறந்து நின்றார். கேன்டீன் அக்கா எதுவும் புரியாமல் அட்டெண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குழாய் சரியாக் கழுவலை போல" என்றார் ஆசிரியர், காய்ந்த குரலில். இன்னொன்று எடுத்தார். கழுவினார், துடைத்தார், விட்டார். அதுவும் நீலம்.

"தண்ணியிலயும் மாவு கலக்கறாங்க அண்ணி! முனிசிபாலிட்டி வரைக்கும் கை நீளுது!" என்றார் சின்னவர்.

"வாயை மூடிட்டு ரெண்டு பேர் கோட்டையும் பாரு தம்பி. அட்டெண்டர் கோட்டுல என்ன நிறப் புள்ளி?"

"பழுப்பு. அயோடின் சொட்டினது."

"சார் கோட்டுல?"

"கருநீலம். பேனா மை..." சொல்லும்போதே சின்னவரின் பார்வை அந்தச் சிவப்புப் பேனாவில் முட்டி நின்றது. "ஐயய்யோ!"

"சிவப்புப் பேனா வெச்சிருக்கறவர் கோட்டுல நீல மை எங்கேருந்து வரும்? ரெண்டு கோட்டுலயும் சொட்டினது ஒரே அயோடின்தான். ஒண்ணுல பழுப்பாவே இருக்கு, ஒண்ணுல நீலமா ஆயிடுச்சு." அண்ணி அயோடின் பாட்டிலை எடுத்துக்கொண்டு, "ஒரு சொட்டு விடலாமா சார்?" என்று அனுமதி கேட்டார். ஆசிரியர் கோட்டின் ஓரத்தை நீட்டினார். சொட்டு விழுந்த இடம் கறுத்து, ஒரு நாணய அளவுக்குப் பரவியது.

"கஞ்சி" என்றார் ஆசிரியர் மெதுவாக. "கோட்டுக்குப் போட்ட கஞ்சி."

"ஈரக் குழாய்க்குள்ள விட்டுத் திருகினா கொஞ்சம் உள்ளயே தங்கிடும். பாலை ஊத்தினாலும் நீலம், தண்ணியை ஊத்தினாலும் நீலம். அட்டெண்டர் குழாயைத் துடைக்கறதில்லை, கவுத்து வெச்சுக் காய வெக்கறார். அதான் அவர் கையில ஒண்ணும் ஆகலை."

"துணி போட்டுத் துடைக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுத்ததே சார்தாங்க" என்றார் அட்டெண்டர். "நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்."

காதோரம் வரை சிவந்துவிட்டது ஆசிரியருக்கு. முப்பது வருடமாக மற்றவர்களின் தப்பைச் சிவப்பில் வட்டமிட்டவர், தன் தப்பு கோட்டில் கறுப்பாக வட்டமிட்டிருப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். சின்னவருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தலைமையாசிரியை கடிதத்தை நாலாக மடித்தார். "கஞ்சி நீங்களே காய்ச்சறீங்களா சார்?" என்று, ஏதோ கேட்க வேண்டுமே என்பதுபோல் கேட்டார்.

பதில் கேன்டீன் அக்காவிடமிருந்து வந்தது.

"நான்தான் மேடம் குடுக்கறேன். வாரா வாரம் வியாழக்கிழமை, சோறு வடிச்ச கஞ்சி ஒரு சொம்பு. சம்சாரம் போனப்புறம் கோட்டு தொங்கிப்போச்சுன்னு சார் ஒருநாள் சொன்னாரு. அன்னிலேருந்து எடுத்து வெச்சுடுவேன்."

சின்னவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. "அப்போ சார் சொன்னது சரிதான்! மாவுச்சத்து கேன்டீன்லேருந்துதான் வந்திருக்கு! பால் வழியா வரலை, சார் வழியா வந்திருக்கு!"

முதலில் சிரித்தது தலைமையாசிரியைதான். அட்டெண்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தார். கேன்டீன் அக்கா சிரிக்கவும் அழவும் ஒரே நேரத்தில் முயன்று, இரண்டும் வராமல் விக்கினார். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கேன்டீன் அக்காவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சரசரவென்று அதை உருவி நாற்காலியின் மேல் வைத்தார்; அது உட்காரவும் மாட்டேன் என்று விறைத்து நின்றது.

"மணி என்ன?"

"மூணு" என்றார் சின்னவர்.

வெளியே இடைவேளை மணி அடித்தது. ஆசிரியர் விறுவிறுவென்று படி இறங்கினார். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். கேன்டீன் வாசலில் கூட்டம் இருந்தது. மேடையை ஒட்டி ஒருவரும் நிற்கவில்லை. கோட்டு இல்லாததால் சார் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சுவரில் ஏறி உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் அவரைக் கண்டதும் பொத்தென்று விழுந்தார்கள்.

ஆசிரியர் நேராகப் போய் முதல் ஆளாக நின்றார்.

"எல்லாரும் கேளுங்க" என்றார் உரத்த குரலில். "நேத்து நான் செஞ்ச சோதனை தப்பு. பால்ல மாவு இல்லை. என் கோட்டுலதான் இருந்துச்சு. நாளைக்கு லேப்ல எல்லாருக்கும் செஞ்சு காட்டறேன்." பிறகு கையை நீட்டினார். "எனக்கு ஒரு தம்ளர் குடும்மா."

கேன்டீன் அக்கா ஊற்றிக் கொடுத்தார். தம்ளர் விளிம்பு வரை தளும்பியது. ஆசிரியர் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவருக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு குட்டிப் பெண் வந்து நின்றிருந்தாள். கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். தம்ளரையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெதுவாக ஒரு கையை எடுத்தாள். பிறகு இன்னொன்றையும் எடுத்து, இரண்டையும் மேடைக்கு மேலே நீட்டினாள்.

"ரெண்டு" என்றாள்.

கேன்டீன் அக்காவுக்கு அப்போதுதான் அழுகை சரியாக வந்தது. சின்னவர் அவசரமாக வேறு பக்கம் திரும்பி, தன் பாட்டிலைத் திறந்து மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். அண்ணி அதைப் பார்த்தார். சாயங்காலம் வீட்டில் சொல்லப்போகிறாரா மாட்டாரா என்பதை மட்டும் அந்த முகத்திலிருந்து எந்தத் துப்பறிவாளராலும் கண்டுபிடிக்க முடியாது.

காலி தம்ளரை வைத்துவிட்டு ஆசிரியர் தயங்கித் தயங்கி நின்றார். மன்னிப்பு கேட்கத்தான் நிற்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு மேல் அவரைத் தவிக்கவிட கேன்டீன் அக்காவுக்கு மனம் வரவில்லை.

"நாளைக்கு வியாழக்கிழமை சார்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "போன வாரச் சொம்பு உங்க வீட்டுலயே நின்னுடுச்சு."

"கழுவிக் கொண்டு வரேன்மா" என்றார் ஆசிரியர். நாலடி நடந்தவர், நின்று திரும்பினார்.

"துடைக்க மாட்டேன்."